மாத்திரை இலவசம், மறைக்கத்தான் செலவு

எச்.ஐ.வி.க்காக எந்த அரசு மருத்துவமனையிலும் நான் இதுவரை ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. பரிசோதனை இலவசம், மாத்திரை இலவசம், ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையும் இலவசம். இருந்தும் முதல் இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டை விட்டுப் போன பணம் இரண்டேகால் லட்சத்துக்குக் குறையாது. தறி ஓட்டிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணம் எங்கெங்கே போனது, எது போகாமல் தடுத்திருக்கலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் இல்லை. பெயரும் ஊரும் வேண்டாம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து ஆண்களில் நிறையப் பேர் லாரிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் ரிக்குக்குப் போவார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ ஓடும். என் வீட்டுக்காரர் டிரில்லர். வடக்கே மழை பிடித்தால் வேலை நிற்கும். அப்போது ஊருக்கு வருவார், புரட்டாசி முடிவதற்குள் கிளம்பிவிடுவார். மற்ற மாதமெல்லாம் போன்தான். லாரித் தொழிலை வைத்து நாமக்கல் மாவட்டத்துக்கு இந்த நோய் விஷயத்தில் தொண்ணூறுகளிலேயே பெயர் கெட்டுப்போயிருந்தது. நான் படிக்கும்போதே பள்ளிக்கூடச் சுவரில் எய்ட்ஸ் வாசகம் எழுதியிருந்தது. அது டிரைவர்களுக்கு எழுதியது என்றுதான் ஊரே நினைத்தது. கட்டினவரைத் தவிர வேறு யாரையும் அறியாத, ஊர் எல்லையைத் தாண்டாத பெண்ணுக்கும் வரும் என்று அந்தச் சுவரில் யாரும் எழுதவில்லை.

2018இல் இரண்டாவது முறை உண்டானேன். மூன்றாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுபோல எனக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். நர்ஸம்மா முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. "ரத்தம் கொஞ்சம் சரியாத் தெரியலை கண்ணு, ஜி.ஹெச்.சுல ஒரு தடவை பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே நம்பிக்கை மையம் என்று போர்டு போட்ட அறை. இதை வாசிக்கிற யாருக்காவது இப்படிச் சீட்டு வந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விரலில் குத்திப் பார்ப்பது முதல் சல்லடை மட்டும்தான். நம்பிக்கை மையத்தில் மூன்று வேறு வேறு கிட்டில் பார்த்து, மூன்றும் ஒன்றாகச் சொன்னால்தான் 'பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள். அதுவரை அது முடிவு இல்லை. அதேபோல, மூன்றும் வந்த பிறகு தனியார் லேபுக்கு ஓடவும் தேவையில்லை. இதை எனக்குச் சொல்ல ஆளில்லாமல் ஈரோட்டில் ஒரு லேபில் 3,800 ரூபாய் கட்டினேன். அங்கேயும் அதேதான் வந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. அழுகையெல்லாம் அப்புறம், தறிப் பட்டறையில். நாலு தறி ஓடுகிற சத்தத்தில் எவ்வளவு அழுதாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அந்த மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சலர் சொன்னதில் அன்றைக்கு என் காதில் ஏறியது ஒன்றே ஒன்று. சிகிச்சை எடுக்காவிட்டால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை. இப்போதே மாத்திரை ஆரம்பித்து ஒழுங்காக எடுத்தால் ஐந்துக்கும் கீழே கொண்டுவரலாம். அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் நினைவில் இல்லை. மூத்தவளுக்கு அப்போது நாலு வயது. அவளையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கச் சொன்னார்கள். அந்த முடிவுக்காகக் காத்திருந்ததைப் போல நான் வேறு எதற்கும் பயந்ததில்லை. அவளுக்கு இல்லை. 2014இல் அவள் வயிற்றில் இருந்தபோது எனக்கு எடுத்த சோதனையும் 'நெகட்டிவ்' என்று அந்தப் பழைய கர்ப்பிணி அட்டையிலேயே இருந்தது. அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. காரணம் சொல்கிறேன்.

கிராமத்தில் இந்த நோய் பெரும்பாலும் முதலில் பெண்ணிடம்தான் தெரியவரும். கர்ப்பமானால் சோதனை உண்டு. ஆணுக்கு அப்படி வழக்கமாகச் சோதிக்கிற இடம் கிடையாது. ஆகவே முதலில் தெரிந்தவள்தான் கொண்டுவந்தவள் என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் பொங்கலுக்கு வந்தபோது நான் எதுவும் சொல்லாமல், "கர்ப்பிணிகளோட புருஷனுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்றாங்க" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனேன். கவுன்சலர் சொல்லிக்கொடுத்த வழி அது. அவருக்கும் பாசிட்டிவ். அதோடு எதிர்ப்புச் சக்தியைக் காட்டுகிற சி.டி.4 எண்ணிக்கை எனக்கு 500க்கு மேல், அவருக்கு 200ஐ ஒட்டி. யாரிடம் அதிக நாளாக இருந்திருக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்ணே காட்டுகிறது என்று நான் நினைத்தேன். அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்று கவுன்சலர் சொன்னார், சரி. ஆனால் பின்னால் நாத்தனாருக்கு விஷயம் தெரிந்து, என் நடத்தையைப் பற்றிப் பேச்சு எடுத்தபோது, பழைய அட்டையும் இந்தச் சீட்டும்தான் எனக்காகப் பேசின. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ மேல தப்பில்லைக்கா" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மன்னித்தேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. சேர்ந்துதான் இருக்கிறோம்.

இனி பணம். பிரசவத்துக்கு ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஏற்கனவே பதிவு செய்திருந்தோம், மூத்தவள் பிறந்ததும் அங்கேதான். ரிசல்ட் பார்த்த பிறகு அவர்கள் பேச்சு மாறியது. ஆபரேஷன்தான் செய்ய வேண்டும், தனி கிட் வாங்க வேண்டும், அந்த அறையை ஒரு நாள் பூட்டிவைக்க வேண்டும் என்று அடுக்கி 90,000 சொன்னார்கள். முடியாது என்றதும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கட்டியிருந்த முன்பணமும் ஸ்கேன் செலவுமாக 18,000 போனது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது என்கிற சட்டம் 2017இல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. நான் அந்த கவுண்டரில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது சட்டம் அமலுக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. எனக்கும் தெரியாது, அந்த ரிசப்ஷனிஸ்ட்டுக்கும் தெரிந்திருக்காது. பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் மறுத்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்தான். ஆனால் எழுதிக் கேட்டாலே பல இடங்களில் குரல் இறங்குகிறது என்று பின்னால் மற்ற பெண்கள் சொன்னார்கள். கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, மாத்திரை ஒழுங்காக எடுப்பவருக்குச் சுகப்பிரசவம் ஆகலாம் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் எனக்கு நல்லபடியாகச் சுகப்பிரசவம்தான் ஆனது. அங்கேயும் ஒருத்தர் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டார். பார்க்க வந்த நாத்தனாருக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். அதுவும் அந்தச் சட்டப்படி தப்பு. நம் சம்மதம் இல்லாமல் யாருக்கும் தெரியும்படி வைக்கக் கூடாது. உங்களுக்கு அப்படி நடந்தால் உடனே வார்டு சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், கவுன்சலரையும் போனில் கூப்பிடுங்கள்.

மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது கொடுத்தது இரவில் ஒன்றே ஒன்று போடுகிற மாத்திரை, மூன்று மருந்து சேர்ந்தது. அதில் இருந்த எஃபாவிரென்ஸ் என்கிற மருந்து முதல் சில வாரம் ஆளை ஆட்டிவைத்துவிட்டது. தலைசுற்றல், கெட்ட கனவு. ஒருநாள் கனவில் தறி ஓடிக்கொண்டே இருந்தது, நூல் எல்லாம் அறுந்துபோய்க்கொண்டே இருந்தது. மசக்கையா மருந்தா என்று தெரியாமல் தவித்தேன். படுக்கும் நேரத்தில் போடுங்கள், எண்ணெய் அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு போடாதீர்கள், சில வாரத்தில் சரியாகும் என்று மையத்தில் சொன்னார்கள். சரியாகத்தான் ஆனது. சில வருடம் கழித்து அதை மாற்றி டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை தந்தார்கள், அதில் இந்தத் தொல்லையே இல்லை. இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. ஆகவே பழைய ஆட்கள் சொல்லும் கனவுக் கதைகளைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம்: மாத்திரை டப்பாவை எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும். ஓலை வேய்ந்த ஒற்றை அறை வீட்டில் மாமியார் பக்கத்தில் படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் தெரியுமா! டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்துவிட்டேன். ரத்தசோகை மாத்திரை என்று சொல்லிவைத்தேன்.

குழந்தை பிறந்த பிறகுதான் உண்மையான சண்டை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், வேறு ஒரு சொட்டுகூடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாய்ப்பாலோடு மற்றதைக் கலந்து கொடுத்தால் குழந்தையின் குடலில் புண்ணாகி, பாலில் வரும் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்காமல் விடுவார்களா? சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கழுதைப்பால் என்று ஒவ்வொருவரும் ஒன்றோடு வந்தார்கள். காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எனக்குக் கை கொடுத்தது எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மாமியார் முன்னாலேயே, "இந்தக் குழந்தை எடை கம்மி, ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர எதையாவது குடுத்தீங்கன்னா நான் பொறுப்பில்லைங்க" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். குழந்தை எடை மூன்று கிலோவுக்கும் மேல். அந்த ஒரு பொய்க்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். குழந்தைக்குக் கிருமி வராமல் தடுக்கிற நெவிராபின் சிரப் ஆறு வாரம் கொடுக்க வேண்டும், அதையும் எடை கூடுவதற்கான டானிக் என்றே அவர் சொல்லிவைத்தார். ஆகவே, கர்ப்பிணியாக இருக்கிற பாசிட்டிவ் பெண்ணுக்கு நான் சொல்வது: ஊரில் ஒரே ஒரு சுகாதாரப் பணியாளரிடமாவது முன்கூட்டியே பேசி, வீட்டாருக்கு என்ன காரணம் சொல்வது என்று இருவரும் ஒரே கதையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் ஆன அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது.

ஆறாவது வாரம் குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தச் சொட்டு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. நல்ல முடிவு. ஆனாலும் அதோடு முடியாது. ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று பார்த்து, பதினெட்டாவது மாதத்தில் பார்ப்பதுதான் கடைசி. நிறையத் தாய்மார்கள் முதல் முடிவு நன்றாக வந்ததும் போவதை விட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை ஆபத்து கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். விடாதீர்கள்.

இதற்கு நடுவில்தான் பெரிய பணம் போனது. வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. கனவு பயமுறுத்துகிறது, ரிக் மேலே நின்றால் தலை சுற்றுகிறது என்றார். மையத்தில் சொல்லுங்கள் என்றேன். அதற்குள் ரிக்கில் யாரோ ஒரு இடத்தைச் சொல்லிவிட்டார்கள். எச்.ஐ.வி.யை வேரோடு அழிக்கிற மூலிகை மருந்தாம். ஒரு மண்டலத்துக்கு 30,000, பத்தியம், உப்பில்லாக் கஞ்சி, மையத்தில் தருகிற கூட்டு மருந்தைக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்ற கண்டிஷன். மூன்று மண்டலம். என் தாலிக்கொடி கூட்டுறவு சங்கத்தில் அடகுக்குப் போனது. கடைசியில் அவர்களே ஒரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டிக் குணமாகிவிட்டது என்றார்கள். இரண்டு மாதத்தில் வாயெல்லாம் வெள்ளை படிந்து, இருமல் ஆரம்பித்து, சட்டை தொளதொளவென்று ஆனது. தனியார் ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று படுக்கவைத்து 64,000 வாங்கினார்கள். அப்புறம் அரசு மருத்துவமனையில்தான் காசநோய் என்று தெரிந்தது. சி.டி.4 நூறுக்கும் கீழே.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கிருமியை முழுதாக அழிக்கிற மருந்து என்று யார் விற்றாலும் அது மோசடி. கூட்டு மருந்து கிருமியைப் பெருகவிடாமல் அடக்கிவைக்கிறது. நிறுத்தினால் மறுபடி கிளம்பும். நடுநடுவே நிறுத்தி நிறுத்தி எடுத்தால் அதே மருந்து பிறகு வேலை செய்யாமல் போகவும் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று மருந்து அந்த மையத்திலேயே இருக்கிறது. வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை போகும்போதும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை இந்த நாலும் இருக்கிறதா என்று கேட்பார்கள். சடங்குக்காகக் கேட்கிறார்கள் என்று 'இல்லை' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். காசநோய் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும்போது சத்துணவுக்கென்று அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. கணக்கு எண்ணைக் கொடுக்கவில்லை என்றால் வராது.

எச்.ஐ.வி. கூட்டு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் எனக்கு ஒரு அக்கா பழக்கமானார். எச்.ஐ.வி. உள்ளவர்களின் அமைப்பான பாசிட்டிவ் நெட்வொர்க்கில் வேலை செய்பவர், ரொம்ப வருடமாக மருந்தில் இருப்பவர். 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் இலவச மருந்து கொடுக்க ஆரம்பிக்கும் முன்னால் காட்டை விற்று மாத்திரை வாங்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார். வாங்க முடியாமல் போய்ச் சேர்ந்தவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறார். எங்கள் நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யா பெரியசாமி 1998இல் பாசிட்டிவ் பெண்களுக்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கிய கதையை அவர்தான் சொன்னார். லாரி டிரைவரைக் கட்டி, இருபது வயசிலேயே பாசிட்டிவ் ஆனவர் முகத்தைக் காட்டிப் பேசியிருக்கிறார் என்று கேட்டபோது எனக்கு வெட்கம் கொஞ்சம் விட்டது. நான் இன்னும் முகத்தைக் காட்டவில்லை. அது வேறு விஷயம்.

அந்த அக்காவிடமே நான் சண்டையும் போட்டிருக்கிறேன். நான் ஒரு மாதம் மாத்திரைக்கு வராததால் வெளிப்பணியாளர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தெரியாத ஒரு ஆள் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து எங்கள் தெருவில் பெயரைச் சொல்லி விசாரித்தால் என்ன ஆகும்? வட்டிக்காரன் என்று நினைத்தால் தப்பித்தோம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு அந்தத் திட்டத்துப் பணியாளர் எந்த வீட்டுக்குள் போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிராமத்தில் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்பவர்கள் இப்படி எல்லோர் வீட்டுக்கும் போகிறவர்களோடு கலந்து வந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் கதவைத் திறப்போம் என்பது என் கருத்து. அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: பதிவு செய்யும் அன்றைக்கே 'வீட்டுக்கு வர வேண்டாம், இந்த நேரத்தில் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு இப்போது பஸ் ஸ்டாண்டில்தான் சந்திப்பு.

ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது என்று நான் பக்கத்து மாவட்டத்து மையத்தில் பதிந்துகொண்டேன். பஸ் செலவு, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தறிக் கூலி, வீட்டில் சொல்ல ஒரு பொய். அந்த இரண்டு வருடத்தில் இப்படியே ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். நடுவில் கொரோனா ஊரடங்கு வந்து பஸ் நின்றபோது மாத்திரை தீர்ந்துவிடுமோ என்று பட்ட பயம் தனி. நல்லவேளை, அப்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு மாற்றல் கடிதம் வாங்கி அருகில் உள்ள, மாத்திரை தருகிற இணைப்பு மையத்துக்கு மாறிக்கொண்டேன். அங்கே முதல் நாளே எங்கள் தெருப் பெண் ஒருத்தி வரிசையில் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது மாற்றி மாற்றிப் போகிறோம், ஒரு முறை அவள் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த முறை என் பிள்ளையை அவள்.

பையனுக்குப் பதினெட்டாவது மாதச் சோதனை 2020 கடைசியில் முடிந்தது. அவனுக்கு இல்லை. எங்கள் இருவருக்கும் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த அளவிலேயே வைத்திருந்தால் உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது என்று டாக்டரே சொன்னார். புதிதாகத் தெரியவந்தவர்கள் யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தால் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழில் பேசலாம்.

வீட்டுக்காரர் மறுபடி ரிக்குக்குப் போகிறார். வெளிமாநிலம் போகிறவர் வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள். வண்டி கிளம்பும் தேதி தெரிந்ததும் மையத்தில் முன்கூட்டியே சொன்னால் மூன்று மாத மாத்திரைக்கு ஏற்பாடு செய்வார்கள். கிளம்புகிற அன்று காலையில் போய் நின்றால் கிடைப்பது நிச்சயமில்லை. சிகிச்சைப் புத்தகத்தை வீட்டில் ஒளித்துவைக்காமல் அவரோடு அனுப்புங்கள், எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சத்தீஸ்கரில் வேலை நீண்டுபோய் மாத்திரை தீரும் நிலை வந்தபோது, அங்கே ஒரு ஏ.ஆர்.டி. மையத்தில் அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் வாங்கினார். மொழி தெரியாததால் இங்கிருந்து எங்கள் கவுன்சலர் போனில் பேசினார். அவருடைய எண்ணை வீட்டுக்காரர் போனில் 'சேலம் ஸ்பேர் பார்ட்ஸ்' என்று பதிந்து வைத்திருக்கிறோம்.